ஏற்காட்டுக் களப்பயணத்தில் கைபேசிச் செயலி: தாவரவியல் ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாவரவியல் மாணவர்களை ஏற்காட்டுக்குக் களப்பயணம் அழைத்துப்போகும் கல்லூரி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பயன்படுத்தப்போகும் செயலி ஐநேச்சுரலிஸ்ட். இலவசமானது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். செடியின் படம், கண்ட இடம், கண்ட நாள் ஆகிய மூன்றையும் ஒரே பதிவாக வைத்துக்கொள்ளும். உலகின் வேறு மூலைகளில் இருப்பவர்களும் அந்தப் பதிவைப் பார்த்துப் பெயரைச் சரிபார்ப்பார்கள். கூகுள் லென்ஸிலும் பெயர் கிடைக்கும். ஆனால் இடம், நாளோடு, பிறர் சரிபார்க்கக்கூடிய பதிவாக அது நிற்காது. பாடத்துக்கு அந்தப் பதிவுதான் வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ட சிக்கல் ஒன்று உண்டு. மாணவர் செடியருகே போனதும் போனை நீட்டுகிறார். சில நொடியில் ஒரு பெயர் வருகிறது. அடுத்த செடிக்குப் போய்விடுகிறார். அந்தச் செடியில் இலைகள் எதிரெதிராக இருந்தனவா, மாறிமாறி இருந்தனவா என்று கேட்டால் பதில் இல்லை. கீழே வரும் படிகளின் வரிசை முழுக்க இதைத் தடுப்பதற்காகவே அமைந்தது. முதலில் கண், அடுத்து கைலென்ஸ், அடுத்து நோட்டு. செயலியின் யோசனை கடைசியில்தான்.

1. ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்

"ஏற்காட்டுத் தாவரங்களைப் பதிவு செய்தல்" என்று நோக்கம் வைத்தால் மாணவர்கள் அண்ணா பூங்காவின் ரோஜாவைப் படமெடுத்து வருவார்கள். ஒரு நாளில் விடை தேடக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும்.

வகுப்புக்கு நன்றாகப் பொருந்திவரும் கேள்வி இது: காப்பித் தோட்டத்தின் நிழலுக்குள் தானாக முளைத்து நிற்கும் செடிகள் எந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவை, வெயில் விழும் சாலையோரத்தில் நிற்பவை எந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவை? இரண்டு இடமும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். குடும்பம் வரை தெரிந்தால் போதும், சிற்றினப் பெயருக்காகத் தவிக்க வேண்டியதில்லை. பருவத்தின் பாடத்திட்டத்தில் வரும் குடும்பங்களில் ஐந்தாறை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டால், வகுப்பில் நடத்தியதும் மலையில் பார்ப்பதும் ஒட்டிப்போகும்.

2. அனுமதிகளை முன்பே வாங்குங்கள்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் தனியார் நிலம். வேலி இல்லை என்பதற்காக உள்ளே நுழையக் கூடாது. தோட்ட மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள். காப்புக்காட்டுப் பகுதிக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி தேவை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் (BSI) ஏற்காட்டில் நடத்தும் தாவரவியல் தோட்டத்துக்குக் குழுவாகப் போவதென்றால் அங்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கல்லூரிக்குள் இன்னொரு அனுமதி இருக்கிறது. வகுப்பு நேரத்தில் போன் கூடாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. ஒத்திகை வகுப்பு, களப்பயணம், பதிவேற்ற வகுப்பு மூன்றுக்கும் தேதி போட்டு முதல்வரிடம் ஒப்புதல் வாங்கி, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இல்லையென்றால் ஒத்திகை நாளில் வளாகத்தில் சுற்றும் மாணவரின் போன் யாரிடமாவது பறிபோகும். மாணவர் மேல் தவறே இருக்காது.

3. நீங்கள் முதலில் பயன்படுத்துங்கள்

குறைந்தது ஐம்பது பதிவுகளாவது உங்கள் கணக்கில் இருக்கட்டும். வீட்டுத் தெருவில் முளைத்த குப்பைமேனியிலிருந்து தொடங்கலாம். மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அப்போதுதான் தெரியும். முன்பின் பார்க்காத ஆசிரியர், "இன்ஸ்டால் பண்ணிக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏற்றினால் அன்றைய நாள் செயலியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

4. கணக்கும் அமைப்புகளும்: பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு

இருவர் இருவராகப் பிரியுங்கள். இருவரில் ஒருவரிடம் ஓரளவு நல்ல கேமரா இருந்தால் போதும், மற்றவர் நோட்டு எழுதுவார். போன் இல்லாத மாணவர் தலைகுனிய வேண்டிய நிலை இப்படித்தான் தவிர்க்கப்படும். பாதி நேரத்தில் வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், போன் வைத்திருப்பவரும் எழுதட்டும்.

கணக்கு தொடங்கும்போது முழுப்பெயர், பதிவு எண், பிறந்த ஆண்டு எதையும் பயனர் பெயரில் வைக்கக் கூடாது. அது உலகம் பார்க்கும் பக்கம். துறையின் சுருக்கெழுத்தும் ஜோடி எண்ணும் போதும். எந்தப் பயனர் பெயர் யாருடையது என்ற பட்டியல் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். மின்னஞ்சல் உறுதிப்படுத்தலை அன்றே முடிக்கச் சொல்லுங்கள். அதை விட்டவர்கள் பதிவேற்ற நாளில் கடவுச்சொல்லையும் மறந்துபோய் நிற்பார்கள்.

போனில் சரிபார்க்க வேண்டியவை: தேதியும் நேரமும் தானியங்கியாக இருக்கிறதா, கேமரா அமைப்பில் இருப்பிடக் குறி இயங்குகிறதா, இரண்டு ஜிபியாவது இடம் காலியாக இருக்கிறதா. இருப்பிடக் குறி மிக முக்கியம். அது இல்லாத படம் வெறும் செடிப் படம்தான், எந்த மலையில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. செயலிக்குள் தானியங்கிப் பதிவேற்றம் இருந்தால் அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், காரணம் ஒன்பதாம் படியில் வருகிறது.

5. வளாகத்தில் ஒத்திகை

ஒரு மணி நேரம் போதும். சேலத்துக் கல்லூரி வளாகம் எதிலும் தும்பை, குப்பைமேனி, எருக்கு, கிணற்றுப்பாசான் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு செடிகளை முழு வரிசைப்படி பதிவு செய்யட்டும். தும்பையில் நாற்கோணத் தண்டைத் தொட்டுப் பார்த்து லேமியேசி (துளசிக் குடும்பம்) என்று சொல்லக்கூடியவர், மலையில் அதே தண்டை வேறொரு செடியில் கண்டால் நிற்பார்.

"வீட்டில் போய் இரண்டு செடி எடுத்து வாருங்கள்" என்று பயிற்சி கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். மாணவியின் வீடு இருக்கும் புள்ளி வரைபடத்தில் பொதுவில் தெரிந்துவிடும். வீட்டருகே எடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பதிவின் இருப்பிடத்தை முழுவதும் மறைக்கும் அமைப்பில் போட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு இந்த வழிகாட்டியிலேயே மிக அவசியமான எச்சரிக்கை இதுதான் என்று தோன்றுகிறது.

6. நாளும் வழியும்

மே மாதம் வேண்டாம். கோடை விழாக் கூட்டம், வாகன நெரிசல், எங்கு திரும்பினாலும் ஆட்கள். சனி, ஞாயிறும் வேண்டாம். ஒற்றைப்படைப் பருவத்தில் (செமஸ்டரில்) செப்டம்பர் மாத வேலைநாள் ஒன்று வசதியானது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து செடிகள் செழித்திருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடித்திருக்காது.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் செயலியை விளக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். வளைவுகளில் போன் திரையைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு வாந்தி வரும், பாதி வகுப்பு ஏற்காட்டில் இறங்கும்போதே சோர்ந்திருக்கும். சொல்ல வேண்டியதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வரட்டும்.

மலை ஏறியதும் மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் போன் அதைத் தேடியே சார்ஜைக் கரைக்கும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. ஆனால் டேட்டா இல்லாதபோது முதல்முறை இடத்தைப் பிடிக்க நேரமாகும். ஆகவே இறங்கிய உடனே திறந்த வெளியில் நின்று, வரைபடத்தில் புள்ளி நிலைக்கும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். நேராகத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழலுக்குள் போய்விட்டால் புள்ளி பக்கத்துக் குன்றில் விழும், பனிமூட்டத்தின் மேல் பழி போடுவார்கள்.

குழுவுக்கு ஒரு பவர் பேங்க், ஜோடிக்கு ஒரு கைலென்ஸ், ஒரு சிறு அளவுகோல், பென்சில். பேனா வேண்டாம், ஈரத் தாளில் மை பரவும்.

7. ஒரு செடியின் முன்னால்: இந்த வரிசையில் மட்டும்

முதலில் போன் பையில் இருக்கட்டும். செடியின் முன் நின்று நோட்டில் ஐந்து வரி எழுத வேண்டும்: உருவம் என்ன (பூண்டு, புதர், மரம், கொடி), இலை அமைவு எப்படி, இலையடிச் செதில் (இலைக்காம்பின் அடியில் இருக்கும் சிறு செதில்) உண்டா, தண்டின் வடிவமும் வாசனையும் என்ன, பூவோ காயோ இருந்தால் அதன் அமைப்பு என்ன. இலையைக் கசக்கி முகர்வது பழக்கமில்லாத செடியில் வேண்டாம். செந்தட்டி போன்ற அரிக்கும் செடிகள் இங்கே உண்டு, தொடுவதற்கு முன் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக வையுங்கள்.

காப்பிச் செடியை எல்லா ஜோடிக்கும் முதல் செடியாகக் கொடுங்கள். பெயர் எல்லோருக்கும் தெரியும், அதனால் பெயர் தேடும் பரபரப்பு இருக்காது. இலைகள் எதிரெதிராக இருக்கின்றன. இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே, தண்டின் மேல் கைலென்ஸை வைத்துப் பார்த்தால் சிறு முக்கோணச் செதில் தெரியும். காம்பிடைச் செதில் அது. எதிரிலை அமைவும் காம்பிடைச் செதிலும் சேர்ந்து வந்தால் காப்பியின் குடும்பமான ரூபியேசியை நினைக்க வேண்டும். இதை ஒருமுறை தன் கண்ணால் கண்டவர், வழியில் பூவே இல்லாமல் நிற்கும் ஒரு புதரில் அதே செதிலைத் தேடிக் கண்டுபிடிப்பார். அந்தத் தேடலைக் கற்றுக்கொடுக்கத்தான் மலை ஏறினோம். உண்ணிச்செடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்: அதிலும் இலைகள் எதிரெதிர்தான், ஆனால் செதில் கிடையாது, தண்டு நாற்கோணம், மேலே முட்கள். எதிரிலை என்ற ஒரே குணத்தை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிட முடியாது என்பது அங்கேயே புரியும்.

அடுத்து, நோட்டில் தன் ஊகத்தை எழுத வேண்டும். குடும்பத்தின் பெயர், அதற்கு இரண்டு காரணம். தெரியவில்லை என்றால் "தெரியவில்லை, ஆனால் இந்தக் குடும்பம் இல்லை, ஏனெனில்" என்று எழுதலாம். ஊகத்தின் கீழே கோடு போட்டு நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றி எழுதும் ஆசை வராது.

அதன் பிறகே போன். போனின் சொந்தக் கேமராவிலேயே எடுக்கட்டும், செயலியில் பின்னால் சேர்க்கலாம். படம் தொலையாது, செயலி நடுவில் நின்றுபோனாலும் கவலையில்லை. ஒரு செடிக்கு நான்கு படமாவது வேண்டும்: முழுச் செடி, இலை தண்டோடு சேரும் இடம், இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய் பக்கவாட்டிலிருந்து. பூவை நேர் மேலிருந்து மட்டும் எடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. புல்லிவட்டமும் பூவடிச் செதிலும் பக்கவாட்டில்தான் தெரியும், அடையாளம் காண்பவர்கள் கேட்பதும் அதைத்தான். காற்றில் ஆடும் கிளையை ஜோடியில் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். அளவுகோல் ஒரு படத்தில் இருக்கட்டும்.

நான்கு படமும் ஒரே செடியுடையதாக இருக்க வேண்டும். "இலை இதில் நல்லா இருக்கு, பூ அதில் நல்லா இருக்கு" என்று இரண்டு செடிகளைக் கலந்து ஒரே பதிவில் போட்டால், பெயர் சொல்ல வருபவர் குழம்பிப்போவார். அடுத்த செடிக்குப் போகும் முன் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துக்கொண்டால், மாலையில் எங்கே ஒரு செடி முடிந்து அடுத்தது தொடங்கியது என்று தெளிவாகத் தெரியும்.

ஒரு ஜோடிக்கு ஆறு செடி போதும். தோட்டத்துக்குள் மூன்று, சாலையோரம் மூன்று. இடத்தையும் பிரித்துக் கொடுங்கள், ஒரு ஜோடிக்கு இருபது அடி என்று. இல்லையென்றால் அழகாகப் பூத்த ஒரே செடியை நாற்பது பேரும் சுற்றி நிற்பார்கள், எல்லா ஜோடியின் பதிவும் ஒன்றாகவே இருக்கும்.

சாலையோரக் குழுவோடு கட்டாயம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். திரையைப் பார்த்தபடி பின்னால் நகரும் மாணவருக்கு வளைவில் வரும் பேருந்து தெரியாது. வளைவுகளில் நின்று பதிவு எடுப்பதே வேண்டாம். தோட்டப் பகுதிகளில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, தோட்ட ஆள் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செடிக்கு ஊரில் என்ன பெயர் என்றும் அவரிடமே கேட்கலாம், அந்தப் பெயரும் நோட்டில் ஏறட்டும்.

8. நட்டதா, தானாக முளைத்ததா

பதிவில் "வளர்க்கப்படுவது" என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தக் குறியைத் தவறவிட்டால் பதிவுகளில் பெரும்பகுதி பயனற்றுப்போகும், ஏனென்றால் கண்ணில் படுவதில் பாதி மனிதர் நட்டது. காப்பி வரிசை, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக், அதன் மேல் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, பூங்காப் பூக்கள் எல்லாம் வளர்க்கப்படுபவை. தாவரவியல் தோட்டத்தில் இருக்கும் ஆர்க்கிட்களும் குடுவைத் தாவரமும் அப்படியே. எல்லோரும் ஆசையாகப் படமெடுப்பார்கள், எடுக்கட்டும், ஆனால் குறி போட வேண்டும்.

மாணவர்கள் இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது வேறு, வளர்க்கப்படுவது வேறு. உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆனால் புதர்க்காட்டில் தானாகப் பரவி நிற்கிறது. அதற்கு வளர்க்கப்படுவது என்ற குறி கூடாது. காப்பியே கூட, பறவை போட்ட விதையில் தோட்டத்துக்கு வெளியே காட்டோரத்தில் முளைத்திருந்தால் தானாக முளைத்ததாகவே கணக்கு. "இந்தச் செடி இந்த இடத்தில் நிற்க ஒரு மனிதர் காரணமா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழக்குங்கள்.

9. கல்லூரிக்குத் திரும்பியபின் பதிவேற்றம்

மலையிலேயே பதிவேற்றினால் அவசரத்தில் முதல் யோசனையைத் தொட்டுவிட்டு நகர்வார்கள். அதனால்தான் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்தச் சொன்னேன். அடுத்த நாள் ஆய்வகத்தில், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யட்டும். கல்லூரி வைஃபை எல்லாப் போனையும் ஒரே நேரத்தில் தாங்காது, பத்துப் பத்துப் பேராகச் செய்யுங்கள்.

தோழரின் போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி வாங்கக் கூடாது. படம் சுருங்கும், அதில் இருந்த இடமும் நேரமும் அழிந்துபோகும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்ப வேண்டும். பதிவேற்றத்துக்கு முன் வரைபடப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். ஏற்காட்டில் கண்ட செடி சேலத்துக் கல்லூரியின் மேல் புள்ளியாக நின்றால், படத்தில் இருப்பிடம் இல்லை, பதிவு செய்த இடத்தைச் செயலி எடுத்துக்கொண்டது என்று பொருள்.

இப்போது செயலியின் யோசனைகளைத் திறக்கலாம். அதன் யோசனை ஏற்கெனவே நிறையப் படம் இருக்கும் தாவரங்கள் பக்கம் சாயும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் அரிய செடி ஒன்றுக்கு, தொலைதூர நாட்டின் ஒத்த தோற்றமுள்ள செடி முதலில் வரலாம். மாணவர் தன் நோட்டில் எழுதிய குணங்களோடு யோசனையை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் ஏற்கட்டும். சந்தேகமிருந்தால் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்தட்டும். உறுதியாகத் தெரிந்த குடும்பப் பெயருக்கு, ஊகித்த சிற்றினப் பெயரை விட மதிப்பு அதிகம்.

அரிய செடிகளின் இடத்தை மறைப்பதும் இந்த வேளையில்தான். அழிவாபத்துப் பட்டியலில் உள்ளவற்றைச் செயலியே மறைக்கும், சுமார் 20 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டும். ஆனால் எல்லாவற்றையும் அது அறியாது. காட்டு மரத்தில் தொற்றி நிற்கும் ஆர்க்கிட் எதுவானாலும், சேர்வராயன் மலைக்கே உரிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் மரமானாலும் நாமே மறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்க்கிட்டைப் பெயர்த்து விற்பவர்களுக்கு வகுப்பறைப் பயிற்சி வழிகாட்டிவிடக் கூடாது.

10. ஒப்புக்கொள்ளும் பொத்தானைத் தொட விடாதீர்கள்

குறைந்தது இருவர் பெயர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தில் ஒத்துப்போனால், பதிவு ஆய்வுத் தரம் என்ற நிலையை அடையும். அத்தகைய பதிவுகளை உலக அளவில் ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். வகுப்புத் தோழர்கள் நட்புக்காக ஒருவருக்கொருவர் ஒப்புதல் போட்டால், தவறான பெயரே ஆய்வுத் தரமாக ஏறிவிடும். தானே குணங்களைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் ஒழிய இன்னொருவர் பதிவில் ஒப்புதல் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள். வெளியாள் ஒருவர் திருத்தம் சொன்னால் கோபப்படவோ உடனே மாற்றிவிடவோ வேண்டாம், காரணம் கேட்டு ஒரு வரி எழுதக் கற்றுக்கொடுங்கள். முகம் தெரியாத ஒரு நிபுணர் மாணவரின் படத்துக்குப் பொறுமையாக விளக்கம் எழுதும்போது அந்த மாணவர் முகத்தில் வரும் பெருமிதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

11. மதிப்பெண்

பதிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் மங்கலான படங்கள் குவியும். நோட்டுக்குப் பாதி மதிப்பெண், படங்களின் முழுமைக்குக் கால் பங்கு, இறுதிப் பெயருக்கான காரணத்துக்குக் கால் பங்கு என்று பிரிக்கலாம். செயலி சொன்ன பெயரை மறுத்து, சரியான காரணம் எழுதியவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். தன் முதல் ஊகம் தவறு என்று நோட்டிலேயே விளக்கியவருக்கும் குறைக்க வேண்டாம்.

12. பதிவுகளைப் பாடமாக்குவது

ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் கணினி வழியாக வகுப்புக்கென ஒரு திட்டப் பக்கம் தொடங்கி, மாணவர்களின் பயனர் பெயர்களையும் பயண நாளையும் கொடுத்தால், பதிவுகள் தாமாக அங்கே சேரும். ஒவ்வொரு போனாகப் பார்க்க வேண்டியதில்லை.

பெயர் சரிபார்ப்புக்கு இரண்டு வாரம் விடுங்கள். பிறகு எல்லாப் பதிவுகளையும் அட்டவணைக் கோப்பாகப் பதிவிறக்கி வகுப்பில் திரையிடுங்கள். தோட்ட நிழல், சாலையோரம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தக் குடும்பம் எத்தனை முறை என்று மாணவர்களே எண்ணட்டும். வளர்க்கப்படுபவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தோட்டத்தில் ரூபியேசி மட்டும்தான் இருக்கிறது என்று விடை வரும். செயலி உயரத்தைப் பதிவு செய்வதில்லை, நிழலா வெயிலா என்பதையும் சொல்லாது. அட்டவணையில் அந்த நெடுவரிசையை நிரப்ப நோட்டைத்தான் திறக்க வேண்டும். அதனால் பயணத்தின்போதே ஒவ்வொரு செடிக்கும் இடவகையை நோட்டில் குறித்தார்களா என்று மதிய உணவு வேளையில் ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்த ஆண்டு மாணவர்களை அதே தோட்டத்துக்கும் அதே சாலையோரத்துக்கும் அழைத்துப்போங்கள். பழைய அட்டவணையை அச்செடுத்துக் கையில் கொடுத்தால், எது இன்னும் நிற்கிறது, எது காணவில்லை என்பதிலிருந்து அவர்களின் கேள்வி தொடங்கும்.